பொலபொலவென்று உதிரும் பை ஓடு: வெயில் ஊர்ச் சமையலறைக்குச் சில குறிப்புகள்

ஆப்பிள் பை பற்றிப் பேசும்போது எல்லோரும் உள்ளே இருக்கும் ஆப்பிளைத்தான் பேசுவார்கள். சாப்பிட்டு எழுந்தவரின் தட்டைப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும். ஓடு நன்றாக வந்திருந்தால் தட்டில் துகள்கூட மிஞ்சியிருக்காது. சரியாக வராவிட்டால் பூரணத்தை மட்டும் சுரண்டிச் சாப்பிட்டுவிட்டு, ஓட்டை ஓரமாக ஒதுக்கி வைத்திருப்பார்கள்.

ஆங்கிலத்தில் க்ரஸ்ட் என்று சொல்வதை இங்கே ஓடு என்றே எழுதுகிறேன். பெயர் பொருத்தமானதுதான். இடைக்கால இங்கிலாந்தில் இந்த ஓடு சாப்பிடுவதற்காக இருந்ததைவிட, உள்ளே இருக்கும் இறைச்சியைச் சுடவும் பாதுகாக்கவும் உதவும் பாத்திரமாகவே அதிகம் இருந்தது. கனமாக, கெட்டியாகச் செய்து, பெட்டி என்ற பொருளில் 'காஃபின்' என்று அழைத்தார்கள். கொழுப்பைத் தாராளமாகச் சேர்த்து, வாயில் கரையும்படி செய்யும் வழக்கம் பிறகு வளர்ந்தது. இன்று அமெரிக்காவில் நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை, நன்றி நவிலல் திருநாளுக்கு வீட்டுக்கு வீடு பை சுடுவார்கள்.

அங்கே அது குளிர் தொடங்கும் காலம். 'வெண்ணெயை விரலால் மாவில் உதிர்த்துவிடவும்' என்று அவர்கள் ஒரே வரியில் எழுதிவிடலாம், அவர்கள் சமையலறையில் அது உருகாது. அதே வரியை நம்பி ஒரு மே மாதப் பிற்பகலில் நான் முதன்முதலில் செய்தபோது, மாவைத் தொட்ட இரண்டாவது நிமிடமே வெண்ணெய் இளகி, எல்லாம் சப்பாத்தி மாவு போல வழவழவென்று திரண்டுவிட்டது. அவனுக்குள் வைத்ததும் கொழுப்பு உருகித் தட்டில் வழிந்தது. வெளியே வந்த ஓட்டை உடைக்கக் கத்தி தேவைப்பட்டது.

பிறகு பலமுறை செய்துபார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: நம் கைகள் பிசைந்து பிசைந்து பழகியவை, பை ஓட்டுக்கோ கையை அடக்கத் தெரிய வேண்டும். வெண்ணெய் அவனுக்குள் போகும்வரை உருகக் கூடாது. மாவைக் கடைசிவரை பிசையக் கூடாது. கீழே உள்ள குறிப்புகள் எல்லாம் இந்த இரண்டையும் நம் ஊர் வெயிலில் காப்பாற்றும் வழிகள்.

1. அளவை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். எடைக்கணக்கில் மாவு 3 பங்கு, வெண்ணெய் 2 பங்கு, தண்ணீர் 1 பங்கு. 23 செ.மீ. (9 அங்குலம்) தட்டுக்கு அடி ஓடு மட்டும் போட 150 கிராம் மைதா, 100 கிராம் வெண்ணெய், அதிகபட்சம் 50 மி.லி. தண்ணீர். மேலேயும் மூட வேண்டுமானால் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்குங்கள். 150 கிராம் மைதா ஏறத்தாழ ஒன்றேகால் கப் வரும். ஆனால் கப்பில் அழுத்தி அள்ளுவதற்கும் லேசாக அள்ளுவதற்கும் நிறையவே வித்தியாசம் உண்டு. சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். இந்தப் பண்டத்தில் கைக்கணக்கு கைகொடுக்காது.

2. அடுக்கு எப்படி வருகிறது என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். கடை வெண்ணெயில் 80 சதவீதம் கொழுப்பு, ஏறத்தாழ 16 சதவீதம் தண்ணீர். மாவுக்குள் சின்னச் சின்ன வெண்ணெய்த் துண்டுகள் உருகாமல் தகடு தகடாக இருக்க வேண்டும். சூடான அவனுக்குள் போனதும் வெண்ணெய் உருகி மாவில் இறங்குகிறது, அது இருந்த இடம் காலியாகிறது. அதிலிருந்த தண்ணீர் ஆவியாகிறது. தண்ணீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கும் மேல் விரியும். அந்த ஆவிதான் மேல் தகட்டையும் கீழ்த் தகட்டையும் பிரித்துத் தூக்குகிறது. வெண்ணெய் வெளியிலேயே உருகி மாவோடு கலந்துவிட்டால், தூக்குவதற்கு இடைவெளியே கிடையாது.

3. மைதாவே போதும், பாக்கெட்டின் பின்புறத்தை மட்டும் படியுங்கள். 100 கிராமில் எத்தனை கிராம் புரதம் என்று அச்சிட்டிருப்பார்கள். 9 அல்லது 10 என்றால் நல்லது. 11, 12 என்றால் அது ரொட்டிக்கும் புரோட்டாவுக்கும் ஏற்ற மாவு. கோதுமைப் புரதம் தண்ணீரோடு சேர்ந்து அழுத்தம் பெறும்போது க்ளூட்டன் என்ற ரப்பர் போன்ற வலை உருவாகிறது. புரோட்டா மாஸ்டர் மாவை அடித்து அடித்து வீசுவது அந்த வலையை வளர்க்கத்தான். நமக்கு இங்கே வேண்டியது அதற்கு நேர்மாறு. கிடைத்த மைதாவில் புரதம் அதிகம் என்றால், 150 கிராமில் இரண்டு டேபிள்ஸ்பூன் எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோளமாவு (கார்ன்ஃப்ளார்) சேருங்கள்.

4. கோதுமை மாவு சேர்க்க விரும்புகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்துங்கள். தண்ணீர் கூடுதலாக ஒரு டேபிள்ஸ்பூன் பிடிக்கும். அடுக்கு குறையும், மணம் நன்றாக இருக்கும்.

5. உப்பில்லாத வெண்ணெய் வாங்குங்கள். உப்பு வெண்ணெய்தான் வீட்டில் இருக்கிறதென்றால் அதையே போடலாம், மாவில் தனியாக உப்பு வேண்டாம். உப்பில்லாத வெண்ணெய்க்கு 150 கிராம் மாவுக்கு அரை டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சர்க்கரை. சர்க்கரை இனிப்புக்காக அல்ல. ஓடு அழகாகச் சிவக்கவும் கொஞ்சம் மிருதுவாகவும் அது உதவுகிறது. கார பை என்றாலும் அந்த ஒரு டீஸ்பூனை விட்டுவிடாதீர்கள்.

6. வீட்டில் கடைந்தெடுத்த வெண்ணெய் மணத்தில் எதற்கும் குறைந்ததில்லை. ஆனால் அதில் மோர் தங்கியிருக்கும், தண்ணீர் அதிகம். ஐஸ் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, மோர் வெள்ளை மறையும்வரை மரக்கரண்டியால் அழுத்திப் பிழியுங்கள். பிறகு சதுரமாகத் தட்டி ஃப்ரிட்ஜில் கெட்டிப்படுத்தி, அப்புறம் எடை போடுங்கள். மாவுக்குச் சேர்க்கும் தண்ணீரைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

7. நெய்யில் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம், ஆனால் பலன் வேறு. நெய்யில் தண்ணீரே இல்லாததால் ஆவி குறைவு, அடுக்கு பெரிதாக எழும்பாது. கடித்தால் மணல் மணலாக உதிரும், நம் நெய் பிஸ்கெட் போல. 100 கிராம் வெண்ணெய்க்குப் பதில் 80 கிராம் நெய் போதும். ஃப்ரிட்ஜில் நன்றாக இறுகியதைச் சுரண்டிச் சேருங்கள். தண்ணீரை ஒரு டேபிள்ஸ்பூன் கூட்டுங்கள். கஸ்டர்ட் போன்ற நீர்த்த பூரணத்துக்கு இந்த ஓடு பிரமாதமாகப் பொருந்தும்.

8. வனஸ்பதி பற்றி. 1911-ல் அமெரிக்காவில் பருத்திக்கொட்டை எண்ணெயைக் கெட்டியாக்கிச் செய்த க்ரிஸ்கோ என்ற கொழுப்பு விற்பனைக்கு வந்தது முதல், அங்கே பன்றிக் கொழுப்பின் இடத்தை அது மெல்லப் பிடித்தது. உருகுநிலை அதிகம் என்பதால் கையாள எளிது, வெயிலுக்கும் தாங்கும். நம் ஊர் வனஸ்பதியும் அதே இனம். உணவில் கலக்கும் டிரான்ஸ் கொழுப்புக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரி முதல் 2 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறது. வெண்ணெயைக் கையாளப் பயமாக இருந்தால் கால் பங்கு மட்டும் வனஸ்பதி சேர்த்துப் பழகலாம். முழுக்க அதிலேயே செய்த ஓடு பார்வைக்கு நன்றாக இருக்கும், நாக்கில் ஒன்றுமே சொல்லாது. வெண்ணெய்தான் என் தேர்வு.

9. நம் ஊருக்கு மிக முக்கியமான குறிப்பு இது. எல்லோரும் வெண்ணெயை மட்டும் குளிர வைப்பார்கள். மாவைக் குளிர வைக்க மறந்துவிடுவார்கள். கிண்ணத்தில் உள்ளவற்றில் மாவுதான் அதிகம். அது 34 டிகிரியில் இருந்தால், கல் போன்ற வெண்ணெயும் ஐந்து நிமிடத்தில் இளகும். அளந்த மாவு, உப்பு, சர்க்கரையைக் கலந்து, அந்தக் கிண்ணத்தோடேயே அரை மணி நேரம் ஃப்ரீஸரில் வையுங்கள். எவர்சில்வர் கிண்ணம் நல்லது, சீக்கிரம் குளிரும். கட்டையையும் கரண்டியையும்கூட உள்ளே தள்ளுங்கள்.

மேடை கிரானைட் என்றால் தொட்டால் சில்லென்றுதான் இருக்கும், ஆனால் கோடையில் அதுவும் அறையின் சூட்டில்தான் இருக்கிறது. ஒரு தாம்பாளத்தில் ஐஸ் கட்டிகளைக் கொட்டி, மேடைமேல் கால் மணி நேரம் வைத்துவிட்டு, ஈரத்தை ஒட்டத் துடைத்துப் பிறகு தேய்த்துப் பாருங்கள். வித்தியாசம் கையிலேயே தெரியும்.

நேரமும் முக்கியம். பிற்பகல் வேண்டாம். காலை ஐந்தரை மணி சமையலறை வேறு, பதினோரு மணி சமையலறை வேறு. பக்கத்து அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும்போது பை மாவைத் தொடாதீர்கள்.

10. வெண்ணெயைக் கேரட் துருவியில் துருவுங்கள். வெயில் ஊரில் இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை. வெண்ணெய்க் கட்டியை ஒரு மணி நேரம் ஃப்ரீஸரில் வைத்துக் கல்லாக்குங்கள். உறையைப் பாதி உரித்து, உறையோடு இருக்கும் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, துருவியின் பெரிய கண்ணில் நேராக மாவின் மேலேயே துருவுங்கள். பத்து இழுப்புக்கு ஒருமுறை முள்கரண்டியால் மாவைப் புரட்டிவிட்டால் துருவல் ஒன்றோடொன்று ஒட்டாது. விரல் சூடு வெண்ணெயில் படுவதே இல்லை. துருவி முடித்ததும் கிண்ணத்தை மறுபடியும் பத்து நிமிடம் ஃப்ரீஸரில் வையுங்கள்.

11. கையாலேயே உதிர்க்க விரும்பினால் விரல் நுனியை மட்டும் பயன்படுத்துங்கள், உள்ளங்கை படக் கூடாது. பாதுஷாவுக்கு நெய்யையும் மாவையும் பிசிறுவோமே, அதே லேசான கை. ஆனால் பாதுஷா மாவில் கொழுப்பு முழுக்க மறைந்துவிடலாம், இதில் மறையக் கூடாது. எந்த அளவில் நிறுத்துவது என்பதுதான் கேள்வி. காய்ந்த பட்டாணி அளவில் துண்டுகள் தெரியும்போது நிறுத்தினால் ஓடு அடுக்கடுக்காக எழும்பும். மூடும் மேல் ஓட்டுக்கு அது சரி. ரவை போல ஆகும்வரை உதிர்த்தால் அடுக்கு வராது, ஆனால் ஈரம் சீக்கிரம் ஊறாது. நீர்த்த பூரணம் தாங்கும் அடி ஓட்டுக்கு அது ஏற்றது. இரண்டு ஓட்டுக்கும் சேர்த்து ஒரே மாவு என்றால், பாதி பட்டாணியாகவும் பாதி துவரம் பருப்பாகவும் இருக்கட்டும்.

12. மிக்ஸி வேண்டாம். ஜாரின் வேகத்தில் மூன்று நொடியில் வெண்ணெய் விழுதாகிவிடும். ஃபுட் ப்ராசஸர் இருப்பவர்கள் ஒரு நொடி ஒரு நொடியாக விட்டுவிட்டு ஓட்டலாம், தண்ணீர் சேர்ப்பதற்கு முன் வரைக்கும் மட்டும்.

13. தண்ணீர் சேர்க்கும் இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஐஸ் கட்டி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த டம்ளரைச் சாய்த்து ஊற்றாதீர்கள். ஒரு டேபிள்ஸ்பூன் தெளிப்பது, முள்கரண்டியால் புரட்டுவது, மறுபடி ஒரு டேபிள்ஸ்பூன். இரண்டரை ஆனதும் நிறுத்திப் பதம் பாருங்கள். பதத்துக்கு வேறு எங்கும் போக வேண்டாம், நம் புட்டு மாவுப் பதமேதான்: கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிடிபடாமல் காய்ந்து உதிர்ந்தால் அரை டேபிள்ஸ்பூன் தெளியுங்கள். மழைக்காலத்தில் மாவு ஏற்கெனவே காற்றின் ஈரத்தைக் கொஞ்சம் குடித்திருக்கும், தண்ணீர் குறைவாகவே பிடிக்கும்.

ஒருமுறை நான் இப்படிச் செய்தபோது, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "என்னடி இது, மாவு இன்னும் ஒண்ணு சேரவே இல்லையே? இங்க கொடு, நான் ரெண்டு அழுத்து அழுத்தித் தரேன்."

"வேண்டாம்மா. சேராத மாதிரி இருக்கிறதுதான் சரி."

எத்தனையோ ஆண்டு சப்பாத்தி மாவு பிசைந்த கை அது. சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த இரண்டு அழுத்தில்தான் ஓடு கெட்டியாகிறது. காய்ந்தது போலத் தெரியும் மாவு ஃப்ரிட்ஜில் இருக்கும் ஒரு மணி நேரத்தில் ஈரத்தைத் தானே சமமாகப் பரப்பிக்கொள்ளும்.

14. வினிகர் ஒரு டீஸ்பூன் சேர்த்தால் ஓடு மிருதுவாகும் என்று பல குறிப்புகளில் வருகிறது. அந்த அளவில் மிருதுத்தன்மையில் பெரிய மாற்றம் எதையும் நான் காணவில்லை. மாவை இரண்டு மூன்று நாள் ஃப்ரிட்ஜில் வைத்தால் சாம்பல் நிறமாகும், அதை வினிகரோ எலுமிச்சைச் சாறோ தடுக்கும். அதற்காகச் சேர்க்கலாம்.

அமெரிக்காவில் 'குக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழில் கென்ஜி லோபஸ்-ஆல்ட் 2007-ல் தண்ணீரில் பாதிக்கு வோட்கா சேர்க்கும் முறையைப் புகழ்பெறச் செய்தார். ஆல்கஹாலில் க்ளூட்டன் உருவாகாது, அவன் சூட்டில் அது ஆவியாகிவிடும் என்பதே காரணம். அறிவியல் சரிதான். தண்ணீரை அளந்து சேர்க்கத் தெரிந்த வீட்டுக்கு அது தேவைப்படாது.

15. உதிரியாக இருக்கும் மாவைச் சுத்தமான பாலிதீன் தாள்மேல் கொட்டி, தாளின் நான்கு ஓரங்களையும் தூக்கி, வெளியிலிருந்து அழுத்தித் தட்டையான வட்டமாக்குங்கள். உருண்டை வேண்டாம். உருண்டையின் நடுப்பகுதி குளிர வெகு நேரமாகும், பிறகு தேய்க்கும்போதும் படாத பாடு படுத்தும். இரண்டு செ.மீ. கனத்துக்குத் தட்டி, இறுக்கிச் சுற்றி, குறைந்தது ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். முந்தின இரவே செய்து வைத்தால் இன்னும் நல்லது. வெண்ணெய் இறுகும், மாவின் விறைப்பும் தளரும்.

16. தேய்க்கும்போது நம் வட்டச் சப்பாத்திப் பலகை போதாது. 23 செ.மீ. தட்டுக்கு 30 செ.மீ. வட்டம் வேண்டும், கனம் 3 மி.மீ. மேடைமேல் தேயுங்கள், அல்லது இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்துத் தேயுங்கள். வெயிலுக்கு இரண்டாவதுதான் பாதுகாப்பு: இளகத் தொடங்கினால் பேப்பரோடு தூக்கிப் பத்து நிமிடம் ஃப்ரீஸரில் போட்டுவிடலாம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மாவு கல்லாக இருந்தால் ஐந்து நிமிடம் வெளியே வையுங்கள், பிறகு கட்டையால் மேலே மெல்லத் தட்டித் தட்டி இளக்குங்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மட்டும் உருட்டுங்கள், முன்னும் பின்னும் அரைக்க வேண்டாம். ஒவ்வொரு நான்கு உருட்டலுக்கும் மாவைக் கால் வட்டம் திருப்புங்கள். மேல்மாவு நிறையத் தூவினால் ஓடு வறண்டுவிடும். தூவியது மிகுந்தால் உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள்.

தேய்த்த மாவில் மஞ்சளாக வெண்ணெய்த் திட்டுகள் பளிங்கு போலத் தெரிந்தால் சந்தோஷப்படுங்கள். நாளை எழும்பப்போகும் அடுக்கு அதுதான்.

17. இன்னும் கூடுதல் அடுக்கு வேண்டுமா? முதலில் நீளவாக்கில் தேய்த்து, புடவை மடிப்பது போல மூன்றாக மடித்து, மறுபடி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, பிறகு வட்டமாகத் தேயுங்கள். ஒரு மடிப்புப் போதும். பேக்கரி பஃப்ஸ் மாவில் இதே வேலையைப் பலமுறை செய்கிறார்கள். பை ஓட்டில் அவ்வளவு செய்தால் அது பஃப்ஸாகவே ஆகிவிடும்.

18. தட்டில் போடும்போது இழுக்காதீர்கள். மாவைக் கட்டையில் சுற்றித் தூக்கி, தட்டின் மேல் தளர்வாக விரித்து, ஓரத்தைத் தூக்கித் தூக்கி மூலைக்குள் தானாக இறங்க விடுங்கள். இழுத்துப் பொருத்திய மாவு அவனுக்குள் போனதும் பழைய இடத்துக்கே சுருங்கிவிடும், ரப்பர் போல. விளிம்புக்கு வெளியே இரண்டு செ.மீ. தொங்கும்படி வெட்டி, உள்பக்கம் மடித்து, சோமாசிக்கு ஓரம் கட்டுவது போலக் கட்டுங்கள். அந்த வேலை நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு தட்டோடு அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் ஓய்வு. இந்த இரண்டாம் ஓய்வைத் தவிர்த்தவர்களின் ஓடுதான் பாதி உயரத்துக்குச் சுருங்கி வருகிறது.

19. கிழிந்தால் பதற வேண்டாம். வெட்டிய துண்டில் கொஞ்சம் எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு ஒட்டுங்கள்.

20. தட்டு: அலுமினியம் சீக்கிரம் சூடேறும், அடிப்பக்கம் நன்றாகச் சிவக்கும். கண்ணாடித் தட்டு மெதுவாகச் சூடேறும், ஆனால் தூக்கிப் பார்த்தால் அடி வெந்ததா என்று கண்ணுக்கே தெரியும், அதனால் புதிதாகச் செய்பவர்களுக்கு நல்லது. கண்ணாடித் தட்டை ஃப்ரீஸரிலிருந்து எடுத்து நேராகச் சூடான அவனுக்குள் வைக்காதீர்கள், வெடித்துவிடும். பளபளக்கும் எவர்சில்வர் தட்டில் அடி வெளுத்தே இருக்கும்.

21. கஸ்டர்ட், சாக்லேட், முட்டைப் பூரணம் எதுவானாலும் ஓட்டைத் தனியாக முன்கூட்டியே சுட வேண்டும். ஓட்டின் மேல் பட்டர் பேப்பரை ஒட்ட விரித்து, விளிம்புவரை பச்சரிசி அல்லது கொண்டைக்கடலையை நிரப்புங்கள். பாதி நிரப்பினால் பக்கச் சுவர் சரிந்துவிடும். 200 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம். பிறகு பேப்பரோடு அரிசியை எடுத்துவிட்டு, இன்னும் 10, 15 நிமிடம், தரை காய்ந்து பொன்னிறமாகும்வரை. சூடாக இருக்கும்போதே முட்டை வெள்ளைக்கருவை மெல்லிசாகத் தடவி ஒரு நிமிடம் உள்ளே வைத்தால், ஈரம் இறங்காமல் தடுக்கும் பூச்சாகிவிடும். அந்த அரிசியைச் சமைக்க முடியாது, ஆற வைத்து ஒரு டப்பாவில் போட்டு 'பை அரிசி' என்று எழுதி வையுங்கள். என்னிடம் இருக்கும் டப்பா அரிசி பல பைகளைக் கண்டது.

22. ஆப்பிள் பூரணத்தின் தண்ணீரை முதலிலேயே எடுத்துவிடுங்கள். ஒரு கிலோ ஆப்பிளை நறுக்கிச் சர்க்கரை கலந்து அரை மணி நேரம் வைத்தால் சாறு கீழே நிற்கும். அதை மட்டும் தனியாகக் கொதிக்கவிட்டுப் பாகு போல வற்ற வைத்து, ஆறியபின் இரண்டு டேபிள்ஸ்பூன் சோளமாவோடு ஆப்பிளில் சேருங்கள். சிம்லா ஆப்பிள் இனிப்பு, ஒரு எலுமிச்சையின் சாறு வேண்டும். அமெரிக்காவில் புளிப்பான பச்சை நிற க்ரானி ஸ்மித்தைத் தேடி வாங்குவதும் அதனால்தான். அன்னாசி என்றால் முழுக்க வதக்கிக் கெட்டியாக்கியே நிரப்ப வேண்டும். எந்தப் பூரணமும் நன்றாக ஆறியிருக்கட்டும். சூடான பூரணத்தை ஊற்றினால் இவ்வளவு பாதுகாத்த வெண்ணெய் ஒரே நொடியில் உருகிப் போகும்.

23. அவன் சூடு. மாவு கல் போலக் குளிர்ந்தும், அவன் நெருப்பாகச் சுட்டும் இருக்க வேண்டும். ஓ.டி.ஜி.யை 220 டிகிரியில் குறைந்தது 20 நிமிடம் முன்கூட்டியே சூடேற்றுங்கள், மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரியட்டும். கீழ்த் தட்டில் ஒரு கனமான இரும்புத் தோசைக்கல்லையோ ட்ரேயையோ வைத்து அதையும் சேர்த்துச் சூடேற்றி, உலோகப் பைத் தட்டை அதன் மேல் வையுங்கள். அடிப்பக்கம் சதசதவென்று நிற்காது. இரண்டு ஓடு போட்ட ஆப்பிள் பைக்கு 220-ல் 20 நிமிடம், பிறகு 190-க்குக் குறைத்து 35 முதல் 45 நிமிடம். மைக்ரோவேவ் அடுப்பில் கன்வெக்‌ஷன் முறையில் மட்டும் செய்யுங்கள், மைக்ரோவேவ் முறையில் ஓடு சிவக்காது.

குக்கரிலோ உப்பு நிரப்பிய கடாயிலோ செய்யலாமா? கேக் வரும். பை ஓடு வராது. மேலிருந்து சூடு இல்லை, எழும்பும் ஆவி மூடியில் பட்டுத் திரும்ப ஓட்டின் மேலேயே சொட்டும். 100 கிராம் வெண்ணெயை வீணாக்க வேண்டாம்.

24. மூடிய பைக்கு மேலே நான்கைந்து கீறல் போடுங்கள், ஆவி வெளியேற. பளபளப்புக்கு முட்டை மஞ்சள்கருவோடு ஒரு ஸ்பூன் பால். முட்டை சேர்க்காத வீடுகளில் பாலும் ஃப்ரெஷ் க்ரீமும் கலந்து தடவி, மேலே சர்க்கரை தூவினால் போதும்.

25. எப்போது எடுப்பது? வெளிர் பொன்னிறத்தில் எடுத்துவிடுவது பரவலாக நடக்கும் தவறு. அந்த நிறத்தில் உள் அடுக்குகள் இன்னும் மாவாகவே இருக்கும். நன்றாகச் சிவந்த அதிரசத்தின் நிறம் வரட்டும். ருசியும் அந்தச் சிவப்பில்தான் இருக்கிறது. கீறல் வழியே பூரணம், ஓரத்தில் மட்டுமல்லாமல் நடுவிலும் தளதளவென்று கொதிப்பதைப் பார்க்க வேண்டும். அதற்குள் விளிம்பு கருகத் தொடங்கினால், நடுவில் வட்டமாக ஓட்டை வெட்டிய அலுமினியத் தாளால் விளிம்பை மட்டும் மூடுங்கள். சின்ன ஓ.டி.ஜி.யில் மேல் கம்பி நெருக்கமாக இருப்பதால் இது அடிக்கடி தேவைப்படும்.

26. வெட்ட மூன்று மணி நேரம் பொறுங்கள். சூட்டோடு வெட்டினால் பூரணம் ஓடி, அடி ஓடு நனைந்துவிடும். கம்பித் தட்டின் மேல் வைத்து ஆற விடுங்கள், மூடாதீர்கள்.

27. தவறு கண்டுபிடிக்க: ஓடு கெட்டியாக இருந்தால் தண்ணீரோ கையோ அதிகம். சுருங்கினால் ஓய்வு போதவில்லை. வெண்ணெய் வழிந்தால் மாவு இளகியிருந்தது, அல்லது அவன் போதிய சூட்டில் இல்லை. தேய்க்கும்போது ஓரமெல்லாம் வெடித்தால் மாவு மிகக் குளிர்ச்சி, ஐந்து நிமிடம் பொறுத்தும் வெடித்தால் தண்ணீர் குறைவு. அடி வேகவில்லை என்றால் கீழ்த் தட்டுக்கு மாற்றி இன்னும் பத்து நிமிடம்.

28. மிச்சத் துண்டுகளை உருட்டிப் பிசையாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அழுத்தித் தேய்த்து, சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவிக் கீற்றுகளாக வெட்டிச் சுடுங்கள். பை வருவதற்கு முன் குழந்தைகளுக்கு அதுவே போதும்.

29. சுற்றிய மாவு ஃப்ரிட்ஜில் மூன்று நாள், ஃப்ரீஸரில் இரண்டு மாதம் இருக்கும். ஃப்ரீஸரில் இருப்பதை முந்தின இரவு கீழே ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள், மேடையில் வைத்து இளக்காதீர்கள். எப்போது செய்தாலும் இரண்டு ஓட்டுக்கு மாவு போட்டு ஒன்றை எடுத்து வையுங்கள். முதல்முறை செய்பவர்கள் கோடையில் தொடங்க வேண்டாம். மார்கழி மாதத்து விடியற்காலை ஒன்றைப் பார்த்துச் செய்யுங்கள், அந்த நேரத்துச் சமையலறை உங்களுக்குப் பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடும்.